பட்டைப் பார்த்து வாங்கலாம், பராமரிப்பை எப்படி வாங்குவது?

ஒரு முதியோர் குடியிருப்பு நல்லதா இல்லையா என்பதை, அங்கே போய்ச் சேருவதற்கு முன்னாலேயே தெரிந்துகொள்ள முடியுமா? நாலைந்து மாசமாக இந்தக் கேள்வியோடுதான் படித்துக்கொண்டும் அலைந்துகொண்டும் இருக்கிறேன். சேர்ந்த குறிப்புகளை இங்கே தொகுத்து வைக்கிறேன். கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் 70 தாண்டியவர்கள் யாராவது இருந்தால் பொறுமையாகப் படித்துவிடுங்கள், என்றைக்காவது உதவும்.

காரணம் என் பெரியம்மா. 78 வயசு, ஆரணியில் தனியாக இருக்கிறார். நாற்பது வருஷத்துக்கு மேல் குழித்தறியில் உட்கார்ந்து பட்டு நெய்தவர். பெரியப்பா போய்ச் சேர்ந்து ஆறு வருஷமாச்சு. அண்ணன் பெங்களூரில், அக்கா சென்னையில். முட்டி தேய்ந்துவிட்டது, கண் பார்வையும் முன்னே மாதிரி இல்லை, ராத்திரி பாத்ரூம் போகும்போது இரண்டு தடவை விழுந்தாயிற்று. "நீதான் எதையாவது தோண்டிப் படிச்சிக்கிட்டே இருப்பியே, நல்ல இடமா ஒண்ணு பாத்துச் சொல்லுடா" என்றார் அண்ணன். வேலை என் தலையில் விழுந்தது.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2021இல் வெளியிட்ட அறிக்கைப்படி, அந்த ஆண்டு தமிழ்நாட்டு மக்கள்தொகையில் 60 வயது தாண்டியவர்கள் 13.6 சதவீதம். கேரளத்துக்கு அடுத்து நாம்தான். 2031இல் இது 18.2 சதவீதமாகும் என்று கணித்திருக்கிறார்கள், கிட்டத்தட்ட ஐந்தரைப் பேரில் ஒருவர். ஆரணி மாதிரி ஊர்களில் தறியை விட்டு இளைஞர்கள் வெளியூர் வேலைக்குப் போய்விட்டார்கள். நெசவுத் தெருவில் பகலில் நடந்தால் திண்ணையில் உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் வயசானவர்கள்தான்.

சேலையும் பராமரிப்பும்

ஆரணிப் பட்டு புவிசார் குறியீடு பெற்ற சரக்கு. அதை வாங்க வருகிறவருக்குச் சோதித்துப் பார்க்க வழிகள் இருக்கின்றன. பின்பக்கம் திருப்பிப் பார்க்கலாம். ஒரு இழையைப் பிரித்துக் கொளுத்தினால் அசல் பட்டு முடி கருகிய வாசனை தரும், சாம்பல் விரலில் பொடியாகும். அதுவும் தெரியாதவருக்கு 2004இல் இருந்து 'சில்க் மார்க்' முத்திரை இருக்கிறது. ஜரிகையில் எவ்வளவு வெள்ளி, எவ்வளவு தங்கம் என்பது மட்டும் கண்ணுக்குத் தெரியாது. அதற்குக் கருவி வேண்டும், இல்லையென்றால் கடைக்காரர் மேல் நம்பிக்கை வேண்டும்.

பொருளாதார அறிஞர்கள் சரக்குகளை இந்த மாதிரிதான் பிரிக்கிறார்கள். வாங்கும் முன்பே பார்த்துத் தெரிந்துகொள்ளக்கூடியவை ஒரு வகை. வாங்கிப் பயன்படுத்திய பிறகே தெரிபவை இன்னொரு வகை. 1970இல் பிலிப் நெல்சன் சொன்ன பிரிவு இது. 1973இல் மைக்கேல் டார்பியும் எடி கார்னியும் மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்தார்கள்: பயன்படுத்திய பிறகும் தரம் தெரியாதவை. மெக்கானிக் மாற்றிய பாகம் உண்மையிலேயே பழுதாகித்தான் இருந்ததா? டாக்டர் செய்த ஆபரேஷன் தேவைதானா? நமக்குத் தெரியவே தெரியாது. நம்பித்தான் ஆகணும்.

முதியோர் பராமரிப்பு இந்த மூன்றாவது வகையில் விழுகிறது. அதோடு வேறு மூன்று சிக்கல்களும் இருக்கின்றன.

ஒன்று, பணம் கொடுப்பவர் ஒருவர், அனுபவிப்பவர் வேறொருவர். பெங்களூரில் இருக்கும் மகன் பார்ப்பது வரவேற்பறையையும் மாசாந்திர பில்லையும். அம்மா பார்ப்பது ராத்திரி இரண்டு மணியை.

இரண்டு, அனுபவிப்பவரால் எப்போதும் சொல்ல முடியாது. மறதி நோய் வந்தவரால் நேற்று குளிப்பாட்டினார்களா என்று சொல்ல முடியாமல் போகலாம். நினைவு நன்றாக இருப்பவரும் சொல்லத் தயங்குவார். புகார் சொன்னால் மறுநாள் சோறு போடுகிறவர் முகம் எப்படி இருக்குமோ என்ற பயம். "எல்லாம் நல்லாத்தாம்பா இருக்கு" என்பதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

மூன்று, பிடிக்கவில்லை என்றால் கடை மாறுவது கஷ்டம். முன்பணம் மாட்டிக்கொள்ளும். 80 வயசில் இடம் மாறுவதே உடம்பை ஆட்டிவிடும். ஹோட்டல் சரியில்லை என்றால் அடுத்த வேளைக்கு வேறு ஹோட்டல் போகலாம். இங்கே முடியாது.

அதனால்தான் இணையத்தில் இருக்கும் நட்சத்திரங்களும் பாராட்டுக் கடிதங்களும் இந்த விஷயத்தில் பெரிதாக உதவுவதில்லை.

தறி, நெசவு, சேலை

சரி, எதை வைத்துத்தான் அளப்பது? அவெடிஸ் டொனபேடியன் என்ற மருத்துவர் 1966இல் எழுதிய ஒரு கட்டுரைதான் இன்றுவரை இந்தத் துறைக்கு அஸ்திவாரம். மருத்துவத்தின் தரத்தை மூன்று இடத்தில் பார்க்கலாம் என்றார்: அமைப்பு, செயல்முறை, விளைவு. எங்கள் ஊர் பாஷையில் சொன்னால் தறி, நெசவு, சேலை.

தறி என்பது கட்டடம், ஆட்கள், படுக்கை, லிஃப்ட், ஆம்புலன்ஸ். நெசவு என்பது தினமும் நடக்கும் வேலை: குளிப்பாட்டுவது, மாத்திரை கொடுப்பது, புரட்டிப் படுக்க வைப்பது, பேச்சுக்கொடுப்பது. சேலை என்பது கடைசியில் அந்த மனுஷருக்கு என்ன ஆச்சு என்பது: விழுந்தாரா, எடை குறைந்ததா, படுக்கைப் புண் வந்ததா, சிரிக்கிறாரா.

நல்ல தறி இருந்தும் நெசவு மோசமாக இருக்கலாம். ஆனால் விளம்பரத்தில் நமக்குக் காட்டப்படுவது பெரும்பாலும் தறி மட்டும்தான். நான் போய்ப் பார்த்த இடங்களில் ஒன்றில் சின்ன தியேட்டரே இருந்தது, நீச்சல்குளம் இருந்தது. போன வாரம் எத்தனை பேர் விழுந்தார்கள் என்று கேட்டேன். "எங்ககிட்ட யாரும் விழ மாட்டாங்க சார்" என்றார் மேனேஜர். எண்பது வயசுக்காரர்கள் நிறையப் பேர் இருக்கும் இடத்தில் யாரும் விழவில்லை என்றால், ஒன்று யாரும் நடமாடுவதில்லை, இல்லை யாரும் எழுதி வைப்பதில்லை. வசதி குறைந்த இன்னொரு இடத்தில் ஒரு நோட்டை எடுத்துக் காட்டினார்கள். யார், எந்த நேரம், எங்கே விழுந்தார், அப்புறம் என்ன மாற்றினோம் என்று பேனாவால் எழுதியிருந்தது. அந்த நோட்டு அந்தத் தியேட்டரை விட அதிகம் சொன்னது.

விளைவை மட்டும் பார்த்தாலும் ஏமாறுவோம். நடக்க முடிந்தவர்களை மட்டும் சேர்க்கிற இடத்தில் சாவும் புண்ணும் குறைவாகத்தான் இருக்கும். படுத்த படுக்கையானவர்களை மனசார ஏற்றுக்கொள்கிற இடத்தில் எண்ணிக்கை மோசமாகத் தெரியும். எந்த நிலையில் உள்ளவர்களைச் சேர்க்கிறார்கள் என்று தெரியாமல் இரண்டு இடங்களை ஒப்பிடக்கூடாது. அதற்கு ஒரு எளிய அளவுகோல் இருக்கிறது. சிட்னி கேட்ஸ் குழு 1963இல் வெளியிட்டது. ஆறு விஷயங்கள்: குளிப்பது, உடுத்துவது, கழிப்பறை போவது, படுக்கையில் இருந்து எழுந்து நாற்காலிக்கு மாறுவது, சிறுநீர் மலத்தை அடக்குவது, தானே சாப்பிடுவது. இதில் எத்தனையை ஒருவர் தானாகச் செய்கிறார் என்று எண்ணினால் போதும். பெரியம்மாவுக்கு எண்ணினேன், ஆறில் ஐந்து. குளிக்க மட்டும் கைத்துணை வேண்டும். இடம் தேடும் முன் உங்கள் வீட்டுப் பெரியவருக்கும் இதை எண்ணிவிடுங்கள். தேவை என்னவென்று தெரியாமல் விலை பேசக்கூடாது.

ராத்திரி கூப்பிட்டா யார் வருவா?

நான் இத்தனை தாள்களைப் படித்துக்கொண்டிருக்க, பெரியம்மா கேட்டது ஒரே கேள்விதான். "ராத்திரி கூப்பிட்டா யார் வருவா?" யோசித்தால், ஆட்கள் கணக்கு முழுவதும் இதற்குள்ளேயே இருக்கிறது.

ஒரு இல்லத்தில் 40 பேர் இருக்கிறார்கள், 12 பராமரிப்பாளர்கள் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். "மூணு பேருக்கு ஒருத்தர் சார்" என்பார்கள். கேட்க நன்றாக இருக்கும். வாரத்தில் ஒரு நாள் லீவு கழித்தால் ஒரு நாளைக்கு வேலைக்கு இருப்பவர் சுமார் 10 பேர். மூன்று ஷிஃப்ட். காலையில் வேலை அதிகம் என்று 5 பேர், மதியம் 3, ராத்திரிக்கு 2. ஆக ராத்திரி 20 பேருக்கு ஒருவர். யாருக்காவது காய்ச்சல் என்று ஒருவர் வராவிட்டால் 40 பேருக்கு ஒருவர்.

அந்த 40 பேரில் 10 பேர் படுத்த படுக்கை என்றால்? படுக்கைப் புண் வராமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிவிட வேண்டும் என்பது செவிலியர்களின் பழைய பாடம். ஒருவரைப் புரட்ட இரண்டு ஆள், ஐந்து நிமிஷம். பத்து பேருக்கு 50 நிமிஷம். ஒவ்வொரு இரண்டு மணி நேரத்திலும் 50 நிமிஷம் இரண்டு பேரும் அங்கேயே மாட்டிக்கொள்வார்கள். அந்த நேரத்தில் மாடி அறையில் பெரியம்மா பெல் அடித்தால் யாரும் வர மாட்டார்கள். அந்த ஆயாக்கள் கெட்டவர்கள் இல்லை. கணக்கு அப்படி.

அதனால் மொத்தம் எத்தனை பேர் என்று கேட்காதீர்கள். நேற்று ராத்திரி எத்தனை பேர் டூட்டியில் இருந்தார்கள் என்று கேட்டு, வருகைப் பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள். அதோடு, இங்கே வேலை செய்கிறவர்கள் சராசரியாக எவ்வளவு நாள் தங்குகிறார்கள் என்றும் கேளுங்கள். மூணு மாசத்துக்கு ஒரு தடவை ஆள் மாறினால், பெரியம்மாவுக்கு எந்த முட்டி வலிக்கும் என்பதே யாருக்கும் தெரியாது.

பதிவேட்டை ஏன் கேட்கச் சொல்கிறேன் என்றால், அமெரிக்கா இதைப் பட்டுத் தெரிந்துகொண்டது. 1987இல் நர்சிங் ஹோம் சீர்திருத்தச் சட்டம் கொண்டுவந்தார்கள். 2008இல் ஒவ்வொரு இல்லத்துக்கும் ஐந்து நட்சத்திர மதிப்பீடு வந்தது. ஆனால் ஆட்கள் எண்ணிக்கையை இல்லங்களே சொந்தமாக எழுதிக் கொடுத்தன. 2014இல் நியூயார்க் டைம்ஸ் இந்த ஓட்டையை விரிவாக எழுதியது. பிறகு சம்பளப் பட்டியலில் இருந்தே எண்ணிக்கையை எடுக்கும் முறை வந்தது, 2018இல் நட்சத்திரக் கணக்கும் அதற்கு மாறியது. சொல்வதை விட்டுவிட்டு, சம்பளம் வாங்கியவர்களை எண்ணினார்கள்.

சொல்லாமல் சொல்லும் மூன்று அடையாளங்கள்

சாதாரண ஆள் கவனிக்கக்கூடியவை இவை.

முதலில் எடை. மாசா மாசம் எடை பார்த்து எழுதி வைக்கிறார்களா? ஒரு மாசத்தில் 5 சதவீதம், ஆறு மாசத்தில் 10 சதவீதம் எடை குறைந்தால் அது எச்சரிக்கை. 50 கிலோ உள்ளவருக்கு ஒரு மாசத்தில் இரண்டரை கிலோ. பல் இல்லை, ஊட்டிவிட ஆளில்லை, சாப்பாடு பிடிக்கவில்லை, மனசு சரியில்லை, உள்ளே ஏதோ நோய் என எதுவாகவும் இருக்கலாம். ஒரு எடை மெஷின் இத்தனையையும் காட்டிக்கொடுக்கும்.

இரண்டாவது தோல். இடுப்பின் பின்புறம், குதிகால் இரண்டு இடத்தையும் பாருங்கள். சிவந்து, அழுத்தினாலும் நிறம் மாறாமல் இருந்தால் புண்ணின் தொடக்கம். அங்கே சேர்ந்த பிறகு அது வந்திருந்தால், புரட்டிவிட ஆள் இல்லை என்று அர்த்தமாக இருக்கலாம்.

மூன்றாவது மருந்துச் சீட்டு. "அம்மா ரொம்ப அமைதியா இருக்காங்க" என்று சொன்னால் சந்தோஷப்படும் முன் சீட்டை வாங்கிப் பாருங்கள். மறதி நோய் உள்ள முதியவர்களை அடக்கி வைக்க மனநோய் மருந்துகளைக் கொடுக்கும் பழக்கம் உலகம் முழுக்க இருக்கிறது. இந்த மருந்துகள் அவர்களுக்குச் சாவு அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2005இலேயே எச்சரித்தது. சில சமயம் தேவைப்படலாம். எதற்கு, எவ்வளவு நாளைக்கு, யார் எழுதியது என்ற மூன்றுக்கும் பதில் இருக்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது

2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் பற்றிப் பலரும் ஜீவனாம்ச விஷயத்தில் கேள்விப்பட்டிருப்பீர்கள். மாசம் அதிகபட்சம் 10,000 ரூபாய் வரை தீர்ப்பாயம் உத்தரவிடலாம். பார்த்துக்கொள்வார் என்ற நிபந்தனையோடு சொத்தை எழுதி வாங்கிவிட்டுக் கைவிட்டால், 23ஆம் பிரிவின் கீழ் அந்தப் பத்திரத்தையே ரத்து செய்யக் கேட்கலாம். 19ஆம் பிரிவு, மாவட்டத்துக்கு ஒன்றாவது என்று தொடங்கி, ஆதரவற்ற 150 முதியவர்கள் தங்கும் அளவுக்கு அரசு இல்லங்கள் அமைக்கலாம் என்கிறது. 'அமைக்கலாம்' என்பதைக் கவனியுங்கள், 'அமைக்க வேண்டும்' என்று இல்லை. இல்லங்களின் தரத்தை வகுப்பதும் மாநில அரசின் கையில். விலைக்கு வாங்கும் முதியோர் வீடுகளுக்கு மத்திய வீட்டுவசதி அமைச்சகம் 2019இல் மாதிரி வழிகாட்டுதல்கள் வெளியிட்டது. அது வழிகாட்டுதல்தான், சட்டம் இல்லை.

கண்காணிப்பு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ரொம்ப தூரம் போக வேண்டாம். பக்கத்து விழுப்புரம் மாவட்டத்தில், விக்கிரவாண்டி அருகே குண்டலப்புலியூரில் இருந்த அன்பு ஜோதி ஆசிரமம். அங்கே சேர்க்கப்பட்ட ஒரு முதியவரைப் பார்க்கப் போன உறவினருக்கு ஆளைக் காட்ட முடியவில்லை. விஷயம் ஆட்கொணர்வு மனுவாக உயர் நீதிமன்றம் போனது. 2023 பிப்ரவரியில் அதிகாரிகள் உள்ளே போய்ப் பார்த்து, 140க்கும் மேற்பட்டவர்களை மீட்டார்கள். வழக்கு சிபிசிஐடிக்குப் போனது. அதற்கு ஐந்து வருஷம் முன்னால், 2018 பிப்ரவரியில், காஞ்சிபுரம் மாவட்டம் பாலேஸ்வரத்தில் இருந்த கருணை இல்லத்தின் வேன் ஒன்றில் ஒரு சடலத்தோடு உயிரோடு இருந்த முதியவர்களும் இருந்ததை ஊர்மக்கள் வழிமறித்துக் கண்டார்கள். நிர்வாகம் குற்றச்சாட்டுகளை மறுத்தது. ஆய்வுக்குப் பிறகு அங்கிருந்தவர்கள் வேறு இல்லங்களுக்கு மாற்றப்பட்டார்கள்.

இரண்டிலும் எனக்குப் பட்டது ஒன்றுதான். எந்த ஆய்வு அறிக்கையும் இவற்றை வெளியே கொண்டுவரவில்லை. ஒரு இடத்தில் விடாமல் கேட்ட சொந்தக்காரர், இன்னொரு இடத்தில் ரோட்டில் நின்ற ஊர்க்காரர்கள். வெளியாள் கண் படாத இடம்தான் ஆபத்தான இடம். முன்சொல்லாமல் வந்து பார்க்க விடுவார்களா என்பது, என் பட்டியலில் முதல் கேள்வியாக ஆனது இதனால்தான். "ஞாயிற்றுக்கிழமை மதியம் 3ல இருந்து 5 வரைக்கும் மட்டும்" என்றால் நான் அடுத்த இடத்துக்குப் போய்விடுவேன்.

எங்கள் முடிவு

இங்கிலாந்தில் பராமரிப்பு இல்லங்களை ஆய்வு செய்யும் அமைப்பு ஐந்து கேள்வி கேட்கிறது: பாதுகாப்பாக இருக்கிறதா, பலன் தருகிறதா, அன்பாக நடத்துகிறார்களா, அவரவர் தேவைக்கு ஏற்ப நடக்கிறார்களா, நிர்வாகம் ஒழுங்கா. அங்கே தலைமை ஆய்வாளராக இருந்த ஆண்ட்ரியா சட்க்ளிஃப் இதை ஒரே கேள்வியாகச் சுருக்கினார்: என் அம்மாவை இங்கே விடுவேனா?

நல்ல கேள்விதான். ஆனால் அதில் அம்மாவின் குரல் இல்லை. பெரியம்மாவிடம் என்னென்ன வேணும் என்று உட்கார்ந்து கேட்டேன். அஞ்சு மணிக்குக் காபி, வாசலில் கோலம் போட இரண்டடி இடம், கதவை உள்ளே தாழ் போட்டுக்கொள்ள உரிமை, கூப்பிட்டால் வர ஒரு ஆள். அண்ணன் பட்டியலில் முதலில் இருந்தது ஏசியும் சிசிடிவியும்.

இன்னொன்றும் புரிந்தது. வீட்டில் வைத்துப் பார்ப்பதும் ஒரு பராமரிப்பு ஏற்பாடுதான், அதையும் இதே அளவுகோலால் அளக்கணும். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. இயன்முறை மருத்துவமும் உண்டு. பெரிய வைத்தியத்துக்கு வேலூர் 40 கிலோமீட்டர் சொச்சம்தான். ஆறில் ஐந்து தானாகச் செய்கிறவருக்கு, பகலில் ஒரு துணையாளும், கழிப்பறையில் கைப்பிடியும், ராத்திரி வழியில் விளக்கும், கூடப் படுக்க ஒரு ஆளும் கிடைத்தால், இப்போதைக்கு ஆரணி வீடுதான் அதிக மதிப்பெண் வாங்குகிறது. ராத்திரிக்கு ஆள் கிடைப்பதுதான் பாடு. கிடைத்தவர் இரண்டு மாசத்தில் போய்விட்டால் கணக்கு மாறிவிடும். அதனால் வேலூர்ப் பக்கம் ஒரு இடத்தில் ஒரு மாசம் மட்டும் தங்கிப் பார்க்க ஏற்பாடு செய்திருக்கிறோம். முன்பணம் கிடையாது, பிடிக்கவில்லை என்றால் வந்துவிடலாம். பெரியம்மாவும் அந்த நிபந்தனையில்தான் ஒப்புக்கொண்டார்.

இடம் பார்க்கப் போகிறவர்களுக்கு, நான் கையில் வைத்துக்கொள்ளும் சீட்டு:

1. மாவட்ட சமூக நல அலுவலகத்தில் பதிவு இருக்கிறதா? சான்றைக் காட்டுவார்களா?
2. சொல்லாமல் வந்து பார்க்கலாமா?
3. நேற்று ராத்திரி டூட்டியில் யார் யார்?
4. விழுந்தவர்கள் பதிவு, எடைப் பதிவு இருக்கிறதா?
5. படுத்த படுக்கையானால் இங்கேயே வைத்துக்கொள்வீர்களா, கட்டணம் எவ்வளவு ஏறும்? ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்கிறதா?
6. வெளியேறினாலோ இறந்துபோனாலோ முன்பணம் எத்தனை நாளில் திரும்ப வரும்?
7. நெஞ்சு வலி வந்தால் எந்த ஆஸ்பத்திரி, எந்த வண்டி, கூட யார் போவார்?
8. காபி அஞ்சு மணிக்குக் கிடைக்குமா?

கடைசிக் கேள்வியை விளையாட்டு என்று நினைக்காதீர்கள். "எல்லாருக்கும் ஆறரைக்குத்தான்" என்று சொல்லும் இடத்தில், மற்றதும் எல்லாருக்கும் ஒரே அச்சில்தான் நடக்கும்.

சேர்த்துவிட்டால் வேலை முடிந்தது என்றும் நினைக்க வேண்டாம். முதல் மூணு மாசம் வேறு வேறு நேரத்தில் போய் நில்லுங்கள், ஒரு தடவையாவது ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு. ஏதாவது சரியில்லை என்று பட்டால் 14567 என்ற முதியோர் உதவி எண் இருக்கிறது, கட்டணம் இல்லை. பெரியவர் தாமே கூப்பிடலாம். அந்த எண்ணை ஒரு காகிதத்தில் பெரிசாக எழுதி அவர் தலையணை உறைக்குள் வைத்துவிட்டு வாருங்கள்.